வீட்டில் பழ ஸ்குவாஷ்: மாம்பழ சீசனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் எந்த மண்டியைப் பார்த்தாலும் மாம்பழம்தான். விலை இறங்குகிற வாரத்தில் பத்து கிலோ, இருபது கிலோ என்று வாங்கி ஸ்குவாஷ் போட்டு வைக்கும் வீடுகள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய. இரண்டு மாதம் கழித்துப் பாட்டில் நுரைத்து வழிவதும், மூடி தெறிப்பதும் அந்த வீடுகளில் சிலவற்றில்தான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: அளக்காமல், கண் பார்வைக்குப் போட்டது. ஆண்டுதோறும் வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஸ்குவாஷ், சர்பத், ஜூஸ், கூழ்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானேங்க?

இல்லை. கூழ் என்பது தோலும் கொட்டையும் நீக்கிய பழச் சதை மட்டும். ஜூஸ் அன்றன்றைக்குக் குடித்துவிட வேண்டியது. ஸ்குவாஷ் என்பது கூழ், சர்க்கரை, புளிப்பு மூன்றும் கணக்காகச் சேர்ந்து, பிறகு தண்ணீர் கலந்து குடிப்பதற்காகப் போட்டு வைப்பது. கடையில் விற்கும் ஸ்குவாஷில் குறைந்தது 25 சதவீதம் பழமும், 40 பிரிக்ஸும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பிரிக்ஸ் என்றால் 100 கிராமில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவற்றின் எடை. கூழ் ஃபேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். சிரப் அல்லது சர்பத் என்றால் 65 பிரிக்ஸ், அதாவது தேன் போலக் கெட்டி.

நன்னாரி சர்பத் வெளியில் வைத்தாலும் மாதக்கணக்கில் நிற்பதற்கும், அதே வீட்டில் போட்ட மாம்பழ ஸ்குவாஷ் பொங்கி வழிவதற்கும் வித்தியாசம் இங்கேதான். 65க்கு மேல் சர்க்கரை இருந்தால் ஈஸ்ட்டுக்கு வாழத் தேவையான தண்ணீர் கிடைக்காது. 40, 45ல் தாராளமாகக் கிடைக்கும். அதனால்தான் ஸ்குவாஷுக்குச் சர்க்கரை மட்டும் காவல் இல்லை. புளிப்பு, சூடு, தேவைப்பட்டால் பாதுகாப்புப் பொடி என்று எல்லாம் சேர்ந்து நிற்க வேண்டும்.

எந்த மாம்பழம் நல்லாருக்கும்? அல்போன்சா தான் வாங்கணுமா?

தேவையில்லை. ஃபேக்டரிக்காரர்கள் தோத்தாபுரி என்று சொல்லும் நம்ம பெங்களூரா, அதாவது கிளிமூக்கு, ஸ்குவாஷுக்கு நல்ல பழம். சதை அதிகம், நார் கிடையாது, விலையும் குறைவு. மணம் மட்டும் கொஞ்சம் மட்டு. நான்கு பங்கு பெங்களூராவுக்கு ஒரு பங்கு செந்தூராவோ அல்போன்சாவோ சேர்த்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். நாட்டுப் பழம் நார் அதிகம், ஆனால் மணத்தை அடித்துக்கொள்ள முடியாது. அரைத்து ஸ்டீல் சல்லடையில் தேய்த்து எடுத்தால் போதும். சீசன் கடைசியில் வரும் நீலம் ரகத்தில் கொட்டை வண்டு இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துத்தான் போட வேண்டும்.

காம்பை ஒட்டி வெட்டிப் பழத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்துப் பால் வடிய விடுங்கள். அந்தப் பால் கூழில் சேர்ந்தால் தொண்டை கமறும், சிலருக்கு உதடு புண்ணாகும். கரும்புள்ளி இருந்தால் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறியலாம். ஆனால் கள் மாதிரி வாசம் வரும் பழத்தை வெட்டிச் சரி செய்ய முடியாது, முழுதாக ஒதுக்கிவிடுங்கள். 1.8 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கூழ் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லு வெச்சுப் பழுக்க வெச்ச பழம்னா கண்டுபிடிக்க முடியுமா? கழுவிட்டா சரியாப் போயிடுமா?

கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதே காரணம். எத்திலீன் வாயுவை அறைக்குள் விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. அது பழம் தானே வெளியிடுகிற வாயுதான். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெளுத்துப் புளிக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கழுவினால் தோலில் ஒட்டியது போகும், பழுக்காத சதை பழுத்துவிடாது.

விளைந்த காயாக வாங்கி வைக்கோலில் பரப்பி நான்கைந்து நாள் வைத்து நீங்களே பழுக்க வைப்பதுதான் சிறந்த வழி. தோட்டம் பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை.

என்னென்ன சாமான் வேணும்? வீட்ல இருக்கற அலுமினியக் குண்டானே போதுமா?

அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் வேண்டாம். புளிப்பு அந்த உலோகங்களைக் கரைத்துப் பானத்தில் சேர்க்கும். செம்பும் ஈயம் போன பித்தளையும் வாந்தி வரும் அளவுக்குக் கெடுதல். இரும்பில் நெல்லிக்காயோ நாவலோ போட்டால் கறுத்துவிடும். ஸ்டீல் பாத்திரம், ஸ்டீல் கரண்டி, சுத்தமான மல் துணி, சல்லடை, கண்ணாடி பாட்டில் இவை போதும்.

வாங்கியே தீர வேண்டியவை இரண்டு. ஒன்று சமையலறை எலக்ட்ரானிக் தராசு. இன்னொன்று 100 டிகிரி வரை காட்டும் உணவுத் தெர்மாமீட்டர். இந்த இரண்டும் இல்லாத வீட்டில் ஒரு வருஷம் நன்றாக வந்தது அடுத்த வருஷம் கெட்டுப்போகும், ஏன் என்றும் தெரியாது. புளிப்பை எண்ணாகக் காட்டும் பி.எச் தாள் ஒரு கட்டு இருந்தால் இன்னும் நல்லது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம்.

போர் தண்ணி ஊத்தலாமா? கொதிக்க வெச்சுட்டுத்தான் ஊத்தறோம்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் பல ஊர் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக வற்றி, மிச்சத்தில் அது இன்னும் கூடத்தான் செய்யும். ஆகவே ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ ஆர்.ஓ தண்ணீரையோ கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். குழந்தைகள் விரும்பிக் குடிக்கும் பானம் இது. குடிக்கும்போது கலக்கும் தண்ணீரும் அப்படியே.

சரி, அளவு சொல்லுங்க. ஒரு கிலோ கூழுக்கு எவ்ளோ என்ன?

மாம்பழக் கூழ் 1 கிலோ, சர்க்கரை 1.2 கிலோ, தண்ணீர் 1 லிட்டர், சிட்ரிக் ஆசிட் 30 கிராம், கே.எம்.எஸ் என்ற பாதுகாப்புப் பொடி 1.8 கிராம். மொத்தம் ஏறக்குறைய 3.2 கிலோ வரும். முக்கால் லிட்டர் பாட்டில் நான்கில் பிடிக்கலாம். இந்த அளவில் பழம் 31 சதவீதம், பிரிக்ஸ் 42ஐ ஒட்டி, புளிப்பு ஒரு சதவீதம் நிற்கும்.

முதலில் சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் ஆசிட் மூன்றையும் சேர்த்து, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, மல் துணியில் வடிகட்டுங்கள். பாகு பதம் பார்க்க வேண்டாம், கம்பிப் பதம் வரை போனால் தண்ணீர் வற்றிக் கணக்கு மாறிவிடும். கூழைத் தனியாக, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கிளறியபடி 85 டிகிரிக்குக் கொண்டுவந்து ஐந்து நிமிஷம் அந்தச் சூட்டிலேயே நிறுத்துங்கள். பழத்தோடு வந்த ஈஸ்ட்டும், கூழைக் கறுக்க வைக்கும் நொதிகளும் இதில் அடங்கும். நேரடித் தீயில் வைத்தால் அடி பிடித்து முழுதும் தீய்ந்த வாசம் ஏறும்.

இரண்டையும் கலந்து, மூடி போட்டு, 40 டிகிரிக்குக் கீழே ஆற விடுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பு. அதற்குப் பிறகுதான் கே.எம்.எஸ். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அடிவரை நன்றாகக் கலக்கி, கொதிநீரில் 15 நிமிஷம் கொதிக்க வைத்து உலர்த்திய பாட்டில்களில் கழுத்துக்கு ஓர் அங்குலம் விட்டு நிரப்பி இறுக்க மூடுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர். வெயில் படாத அலமாரியில் ஆறு மாதம் நிற்கும். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மாம்பழமே புளிப்பு இனிப்பாத்தான் இருக்கு. சிட்ரிக் ஆசிட் எதுக்குங்க? எலுமிச்சம்பழம் பிழிஞ்சா ஆகாதா?

ருசிக்காக மட்டும் போடுவது என்று நினைத்துத்தான் பலர் குறைத்துவிடுகிறார்கள். நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் பி.எச் 4.6ஐத் தாண்டவும் கூடும். பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமி, காற்றுப் புகாமல் மூடிய பாட்டிலில் வளர்வதற்கான எல்லைக்கோடு அந்த 4.6தான். அது கெடுத்த பானத்தில் வாசமோ ருசியோ மாறாமலே கூட இருக்கலாம். 30 கிராம் ஆசிட் போட்டால் பி.எச் நான்குக்கு நன்றாகக் கீழே இறங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: புளிப்பு போதாத இடத்தில் கே.எம்.எஸ் வேலையே செய்யாது. ஆசிட்டைக் குறைத்தவர் பொடியையும் சேர்த்து வீணாக்குகிறார்.

எலுமிச்சைச் சாறு ஆகும், ஆனால் கணக்கு பெரிது. சாற்றில் புளிப்பு சுமார் 6 சதவீதம். 30 கிராம் ஆசிட்டுக்கு ஈடாக அரை லிட்டர் சாறு, அதாவது 25 பழம் போல வேண்டும். அப்படிச் செய்தால் தண்ணீரை அரை லிட்டராகக் குறைத்துவிடுங்கள். இரண்டு பழம் பிழிந்துவிட்டு ஆசிட்டுக்குப் பதில் போட்டாயிற்று என்று விட்டுவிடுவதுதான் தவறு.

கெமிக்கல் போடாம பண்ண முடியாதா?

முடியும். அப்போது அந்த வேலையைச் சூடுதான் செய்ய வேண்டும். மேலே சொன்ன அளவிலேயே கே.எம்.எஸ் மட்டும் விட்டுவிட்டு, கலவையை 85 டிகிரிக்குச் சூடாக்கி, சூடான கண்ணாடி பாட்டிலில் ஓர் அங்குலம் விட்டு ஊற்றுங்கள். மூடியை முக்கால் பங்கு திருகி, அடியில் துணி விரித்த பெரிய பாத்திரத்தில் பாட்டில்களை நிறுத்தி, கழுத்து வரை சுடு தண்ணீர் ஊற்றி, 85 முதல் 90 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் துணியால் பிடித்து மூடியை இறுக்கி, மரப்பலகை மேல் தானாக ஆற விடுங்கள். ஈரத் தரையில் வைத்தால் பாட்டில் விரியும்.

இதற்கு 200 மில்லி பாட்டில்தான் சரி. திறந்த பிறகு காவல் ஒன்றும் இல்லை, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பத்து நாளுக்குள் முடிக்க வேண்டும். திறக்காதவை மூன்று நான்கு மாதம் நிற்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உயரம் அதிகம், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் சூடு பத்தாதே என்று கேட்பவர்கள் உண்டு. புளிப்புள்ள பானத்துக்கு 85 போதும் என்பதால் அங்கும் இதே நேரம்தான்.

கே.எம்.எஸ் அரை ஸ்பூன் போட்டா சரியா இருக்கும்னு சொன்னாங்க. 1.8 கிராமை எங்க போய் எடை போடறது?

கே.எம்.எஸ் என்பது பொட்டாசியம் மெட்டா பை சல்பைட். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான எண் 224. கரைந்ததும் கந்தக டை ஆக்சைடை விடும், அதுதான் ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் அடக்குகிறது. ஸ்குவாஷில் அது 350 பி.பி.எம்மை, அதாவது கிலோவுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் பொடி என்பதே உச்சம். 0.55 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. தலை தட்டிய அரை டீஸ்பூனில் 3 கிராம் வரை பிடிக்கும். மூன்று கிலோ ஸ்குவாஷுக்கு அது வரம்பை நன்றாகத் தாண்டிவிடும், குவித்துப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுத் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும். ஆகவே 20 கிராம் பொடியை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, மொத்தம் 200 மில்லி ஆக்குங்கள். இப்போது ஒவ்வொரு 10 மில்லியிலும் ஒரு கிராம். மருந்துக்கடை சிரிஞ்சில் ஊசியை எடுத்துவிட்டு 18 மில்லி எடுத்தால் 1.8 கிராம். மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். பொடியும் அப்படித்தான், திறந்து ஓராண்டு ஆன பாக்கெட்டை நம்ப வேண்டாம். உணவுத் தரம் என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். கரைக்கும்போது முகத்தை மேலே நீட்டாதீர்கள், நெடி மூச்சை அடைக்கும். சூடான ஸ்குவாஷில் போட்டாலும் இதே நெடிதான் வரும். பாட்டிலுக்குள் இருக்க வேண்டியது காற்றில் போகிறது என்று அர்த்தம்.

ஆஸ்துமா இருக்கறவங்க, சின்னக் கொழந்தைங்க குடிக்கலாமா?

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் மூச்சிரைப்பைத் தூண்டும். அந்த வீட்டில் பொடி போடாத முறையையே வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிக்குக் கொடுக்கும்போதும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கைக்குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த எந்தப் பானமும் வேண்டாம், மசித்த மாம்பழமே போதும்.

நாவப்பழத்துல போட்டேன், அந்த ஊதாக் கலரே போயிடுச்சு. பொடி கெட்டுப் போனதா?

பொடி நன்றாக வேலை செய்திருக்கிறது, அதனால்தான் நிறம் போனது. நாவல், திராட்சை, மாதுளை இவற்றின் சிவப்பு, ஊதா நிறங்களைக் கந்தக டை ஆக்சைடு வெளுத்துவிடும். இவற்றுக்குச் சோடியம் பென்சோயேட் போட வேண்டும், எண் 211. ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.7 கிராம். இதைச் சூட்டிலும் போடலாம்.

நாவலுக்கு: பழத்தை மசித்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, 70 டிகிரி வரை சூடாக்கி, துணியில் பிழிந்தால் ஊதா முழுதும் சாற்றில் இறங்கும். கொட்டையை அரைத்துவிடாதீர்கள், துவர்ப்பு தாங்காது. சாறு 1 கிலோ, சர்க்கரை 1.2 கிலோ, தண்ணீர் 700 மில்லி, சிட்ரிக் ஆசிட் 20 கிராம், பென்சோயேட் 2 கிராம்.

அப்போ எல்லாத்துக்கும் பென்சோயேட்டே போட்டுக்கலாமே?

எலுமிச்சை, நெல்லி இரண்டுக்கும் வேண்டாம். வைட்டமின் சி அதிகம் உள்ள சாற்றில் பென்சோயேட் சேர்ந்து வெயிலிலோ சூட்டிலோ கிடந்தால் சிறு அளவில் பென்சீன் உருவாகக்கூடும். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள். இவற்றுக்குக் கே.எம்.எஸ்தான்.

எலுமிச்சை ஸ்குவாஷ் ரெண்டு நாள்ல கசந்துடுது.

பிழியும்போது விதை நசுங்கியதும் தோல் திருகப்பட்டதும்தான் காரணம். மிக்ஸியில் போட்டால் நிச்சயம் கசக்கும். குறுக்காக வெட்டி, மென்மையாகப் பிழிந்து, உடனே வடிகட்டுங்கள். சாற்றைச் சூடு காட்டாதீர்கள். சாறு 1 லிட்டர், சர்க்கரை 1.8 கிலோ, தண்ணீர் 1.2 லிட்டர், கே.எம்.எஸ் 2.2 கிராம். சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொதித்து ஆறிய பிறகு சாறு. சிட்ரிக் ஆசிட் வேண்டாம், பழத்திலேயே தேவைக்கு மேல் இருக்கிறது.

சீத்தாப்பழம் மலையில கொட்டிக் கெடக்குது. அதுல போடலாமா?

வேண்டாம். நம் கரடுகளில் அத்தனை பழம் விளைந்து வீணாகிறதே என்று கேட்கும் ஆதங்கம் நியாயமானது, ஆனால் சீத்தா ஸ்குவாஷுக்கு ஒத்துவராது. புளிப்பு மிகக் குறைவு. சூடு காட்டினால் கசக்கும், காட்டாமல் விட்டால் சீக்கிரம் நிறம் மாறும். விதையோடு மிக்ஸியில் அடிப்பது அதைவிட ஆபத்து. சீத்தா விதை நச்சு, தூள் கண்ணில் பட்டால் கண்ணையே புண்ணாக்கும். சதையைக் கையால் பிரித்து, ஃப்ரீசரில் உறைய வைத்துப் பால் அடித்துக் குடிப்பதுதான் அதற்கான வழி.

தர்பூசணி, வாழை, பப்பாளி மூன்றும் புளிப்பில்லாத பழங்கள்தான். இவற்றை அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

சுகர் இருக்கு, சர்க்கரையைப் பாதியாக் கொறைச்சுக்கறேன். இல்லன்னா வெல்லம் போட்டுக்கறேன். ஆகுமா?

பாதியாகக் குறைத்தால் அது ஸ்குவாஷ் இல்லை, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் நிற்கும் ஜூஸ். அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்தில் நுரைக்கும். இனிப்பு வேண்டாதவர்கள் வெறும் கூழைச் சிறு சிறு ஜிப் கவரில் அடைத்து ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்து மோர் போல நீர்க்கக் கலந்து குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான்.

வெல்லத்தில் தாது உப்பும் அழுக்கும் அதிகம். புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், மாம்பழத்தின் நிறமும் மணமும் அமுங்கிவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் கரைத்து, கொதிக்க வைத்து, இரண்டு முறை வடிகட்டி, பி.எச் தாளில் நான்குக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்துத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும்.

பழைய பாட்டிலுங்க நெறைய இருக்கு. கழுவிட்டு ஊத்திக்கலாமா?

ஜாம், தேன், ஸ்குவாஷ் வந்த கண்ணாடி பாட்டில் என்றால் சரி, மூடி மட்டும் புதிது வாங்குங்கள். பூச்சிமருந்து, ஃபினாயில், ஆசிட் வந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் கூடாது. தோட்டத்து வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலி மது பாட்டிலில் ஊற்றினால் வீட்டில் யாராவது மாற்றி எடுத்துவிடுவார்கள், அதுவும் வேண்டாம். தண்ணீர், கூல் டிரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில் சூட்டில் சுருங்கும். ஆறிய பிறகு ஊற்றலாம் என்றாலும் அதைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வழியில்லை.

மேல கருப்பா ஒரு வளையம் வந்திருக்கு, அடியில கூழ் தனியா நிக்குது. கெட்டுப் போச்சா?

கூழ் தனியாகப் பிரிவது இயல்பு. குலுக்கினால் சேரும். கழுத்தில் பழுப்பு வளையம், வழவழப்பாக, ஸ்குவாஷோடு சேர்ந்தே இருந்தால் காற்றுப் பட்டு நிறம் மாறியது, பாட்டிலில் அதிக இடம் விட்டதால் வருவது. அதில் பஞ்சு போல, ரோமம் போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. மேலோடு எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம், அதன் நச்சு கீழேயும் இறங்கியிருக்கும். முழுதும் கொட்டிவிடுங்கள்.

மூடி திறந்தா புஸ்ஸுனு நுரைக்குது. மறுபடி கொதிக்க வெச்சாப் போதுமா?

போதாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவும் ஆல்கஹாலும் விட்டிருக்கிறது. கொதிக்க வைத்தால் ஈஸ்ட் சாகும், அதற்குள் வேறு என்னென்ன வளர்ந்ததோ அது விட்டுப்போனது போகாது. கொட்டுவதுதான் வழி. அதே நாளில் அதே பாத்திரத்தில் போட்ட மற்ற பாட்டில்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். கண்ணாடி பாட்டிலில் வாயு சேர்ந்தால் வெடித்துச் சில்லு பறக்கும். உப்பிய மூடியைக் குழந்தைகள் இல்லாத இடத்தில், கனமான துணி போர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஈரமான பாட்டில், சூட்டில் போட்ட கே.எம்.எஸ், குறைத்துப் போட்ட ஆசிட், கூழைச் சூடாக்காமல் விட்டது. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். முன்பு சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

அப்படியே புளிக்க விட்டா ஒயின் ஆயிடுமாமே. அதையும் வீட்ல பண்ணலாமா?

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், தானாகப் புளித்த ஸ்குவாஷ் ஒயின் இல்லை. எந்த ஈஸ்ட், எந்தப் பாக்டீரியா என்று தெரியாமல் வளர்ந்த கலவை அது. அதைக் காய்ச்சி வடிப்பது இன்னும் பெரிய ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச் சாராயத்தில் கலந்த மெத்தனாலால் 60க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கும் மூக்கும் வைத்து யாராலும் பிரித்தறிய முடியாது. யாராவது அப்படிப்பட்டதைக் குடித்துவிட்டுக் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கரண்ட் போயி ஃப்ரீசர்ல வெச்ச கூழெல்லாம் எளகிடுச்சு. தூக்கிப் போடறதா?

நடுவில் இன்னும் ஐஸ் கட்டி இருந்து, தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இருந்தால் அன்றைக்கே ஸ்குவாஷ் போட்டுவிடலாம், 85 டிகிரி ஐந்து நிமிஷம் என்பதை மட்டும் விடாதீர்கள். முழுதும் இளகி வெதுவெதுப்பாகிவிட்டது என்றால் கொட்ட வேண்டியதுதான். கவரைத் தட்டையாக அரை அரை கிலோவாக அடுக்கி வைத்தால் சீக்கிரம் உறையும், எடுக்கும்போதும் ஒன்றை மட்டும் எடுக்கலாம்.

நல்லா வருது, அக்கம்பக்கத்துல கேக்கறாங்க. விக்கலாமா?

சின்ன அளவாக இருந்தாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். லேபிளில் ஸ்குவாஷ் என்று போட்டால் முதலில் சொன்ன 25 சதவீதப் பழம், 40 பிரிக்ஸ் கட்டாயம். சேர்த்த பொருள்கள், பாதுகாப்புப் பொடியின் எண், நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பதிவு எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி எல்லாம் அச்சாக வேண்டும். விற்பதற்குப் போடும்போது கையில் பிடித்துப் பார்க்கும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் தேதி, பழம், எடைகள், பிரிக்ஸ், பி.எச் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த ஈட்டிலிருந்து ஒரு பாட்டிலைத் திறக்காமல் ஆறு மாதம் எடுத்து வையுங்கள். யாராவது குறை சொல்லி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் பாட்டில் இருக்கும்.

பயிற்சி வேண்டுமானால் தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரி நிலையத்திலும் மதிப்புக்கூட்டுப் பயிற்சி எப்போது என்று கேட்கலாம். போகும்போது உங்கள் நோட்டையும், சரியாக வராத ஒரு பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.